வாய்க்கட்டு நேர்ச்சை

உக்காருங்க மதினி. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. வெயிலு என்னமா அடிக்கு பாத்தியளா? கத்திரி இப்பந்தான் பொறந்திருக்கு, அதுக்குள்ள இந்தப் பாடு. பஸ்ஸை விட்டு எறங்கி இம்புட்டுத் தூரம் நடந்தா வந்திய? ஒரு போன் போட்டிருந்தா ஆட்டோ அனுப்பியிருப்பேம்லா. சந்தனமாரி, நீ ஏம்மா நடையிலயே உக்காந்துட்ட? உள்ள வா. வரமாட்டாளா? இருக்கட்டும், அங்கன காத்து வரும். மாப்பிள்ளை வீடு பாக்க வரும்போது பொண்ணையும் கூட்டிட்டு வாரது எங்க பக்கம் வழக்கமில்ல. ஆனா ஒங்களுக்கும் ஆரு இருக்கா? அவ அப்பா போன பொறவு ஒத்தையில பஸ்ஸேற ஒங்களுக்குப் பயமா இருந்திருக்கும். நான் அதைத் தப்பா எடுத்துக்கிட மாட்டேன்.

காப்பி குடிங்க. வாசல்ல இருக்க மண்பானையில தண்ணி மோந்து குடிச்சிட்டுத்தான உள்ள வந்திய? ஜன்னல் வழியாப் பாத்தேன். அது ரோட்டுல போறவன் வாரவன் குடிக்கப் பானை. வீட்டுக்குள்ள ஃப்ரிட்ஜு நிறைய தண்ணி இருக்கு, நீங்க போயி அதுல குடிச்சிருக்கிய. சரி, அந்தப் பானைக் கதையைப் பொறவு சொல்லுதேன்.

மொதல்ல நீங்க சொல்லுங்க. பஸ்ஸுல ஒங்க பக்கத்துல உக்காந்தவ என்ன சொன்னா? ஒளிக்காதிய மதினி. உள்ள வந்ததுல இருந்து நீங்க என் மூஞ்சியைப் பாக்கல, சுவத்துல இருக்க எந்தம்பி மொதப் பொண்டாட்டி ஆவுடை படத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கிய. பல்லு கொஞ்சம் எடுப்பா, கையில ஜெபமாலை சுத்தியிருந்தாளா? அப்ப அவதான். ஆட்டோக்காரன் சேவியர் பொண்டாட்டி. இந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்க யாரு வந்தாலும் அவளுக்கு மூக்குல வேர்த்துரும். நாத்தினாக்காரி கொன்னுட்டான்னு சொல்லியிருப்பா. சொன்னாளா இல்லையா? சொல்லுவா. அவ வாய்க்கு யாரு பூட்டுப் போட?

நடந்ததை நான் சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு ஒங்க மகளைக் குடுக்கதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணையும் மறைக்க மாட்டேன். மறைக்கதுக்கு என்ன இருக்கு?

எங்கம்மா சாகும்போது தம்பி நயினாரு தவழுத பிள்ளை. நான் அப்பந்தான் தாலியறுத்துட்டு வந்து நிக்கேன். கட்டிக் குடுத்து ஒரு வருசம் கூட வாழல. இடுப்புல அவனைத் தூக்கி வச்சவதான், எறக்கி விடவே இல்ல. அவன் தின்னது போக மிச்சம்தான் எனக்கு. படிக்க வச்சேன், படிப்பு ஏறல, லாரி ஓட்டப் பழக்கி விட்டேன். ராத்திரி வந்து சோறு திங்கும்போது எல்லாம் எங்கிட்டச் சொல்லுவான். புனலூருக்கு என்ன லோடு, செக்போஸ்ட்ல எவன் நிப்பாட்டுனான், எந்தக் கடையில புரோட்டா நல்லாயிருக்கு, எல்லாம். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்.

ஆவுடையை நான்தான் பாத்துக் கட்டி வச்சேன். நல்ல பிள்ளைதான், இல்லேங்கல. ஆனா வாயி மதினி, வாயி! பாத்திரம் வெளக்கும்போது பாட்டு, கோலம் போடும்போது எதுத்த வீட்டுக்காரியோட பேச்சு. காக்காகிட்டக் கூடப் பேசுவா. பால்காரன் ஒரு நாளு வரலேன்னா அவன் மாட்டுக்கு மேலுக்குச் சுகமில்லையான்னு அடுத்த நாளு விசாரிப்பா. இவளுக்கு எதுக்கு அவன் மாட்டு சோலி? அவ வந்த பொறவு தம்பி எங்கிட்ட லோடைப் பத்திப் பேசுததில்ல. அடுப்பங்கரையில ரெண்டு பேரும் சிரிக்கச் சத்தம் கேக்கும். நான் உள்ள போனா நின்னுரும். என்னட்டி சிரிப்புன்னு கேட்டா, ஒண்ணுமில்ல மதினிம்பா. ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு பேரு சிரிப்பாக? எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆமா, எரிஞ்சுது, அதைச் சொல்லுததுக்கு எனக்கென்ன வெக்கம்?

சரி, சிரிச்சா சிரிச்சிட்டுப் போட்டும். ஒரு பிள்ளையைப் பெத்துத் தரணும்லா? வருசம் போய்க்கிட்டே இருக்கு, ஒரு புழு பூச்சி இல்ல. வைத்தியம் பாத்தாச்சு. கோயிலு குளம் போயாச்சு. அப்பத்தான் எனக்கு ஊத்தடி அம்மன் ஞாபகம் வந்துச்சு.

ஒங்க பக்கம் தெரியாது. இங்கன மேக்க பாத்தா நீலமாத் தெரியுதுல்லா, அது கருக்குமலை. அதுக்கு அடிவாரத்துல பாறைக்குக் கீழ ஒரு ஊத்து. ஊத்துக்கு மேல அம்மன். பிள்ளையில்லாத பொம்பள பச்சத் தண்ணி பல்லுல படாம விரதமிருந்து, மஞ்சத்துணியால வாயைக் கட்டி, செருப்பில்லாம, தொணைக்கு ஆளில்லாம வீட்டுல இருந்து அடிவாரத்துக்கு நடக்கணும். வழியில அவ யாருகிட்டயும் பேசக்கூடாது, யாரும் அவகிட்டப் பேசக்கூடாது. அந்தந்த ஊருப் பொம்பளைக மஞ்சத் தண்ணியக் கொண்டாந்து காலுல ஊத்திக் கும்புடுவாக. அடிவாரம் போயி ஊத்துத் தண்ணியில முடிச்சை நனைச்சு அவுத்து, அந்தத் தண்ணியைத்தான் மொதல்ல குடிக்கணும். இதுதான் வாய்க்கட்டு நேர்ச்சை. நடந்தவ மடி ரொம்பாம வந்ததே இல்லம்பாக.

கார்த்திகையிலதான் நடப்பாக, அது வாஸ்தவம். பூசாரியும் அதைத்தான் சொன்னான். அப்ப சித்திரை. கார்த்திகை வரைக்கும் ஆரு காத்திருக்கது? குளிர்ல நடக்கதுக்கு என்ன பெரிய நேர்ச்சை, அதை நானும் நடப்பேன். வெயில்ல நடந்தாத்தான சாமிக்கு நாம கேக்கது காதுல விழும்? கத்திரியிலயே நடக்கட்டும்னு முடிவு பண்ணிட்டேன்.

தம்பி புனலூர் லோடு போன அன்னைக்குப் பாத்து வச்சேன். அவன் இருந்தா விடமாட்டான் மதினி. பொண்டாட்டி காலு சுடும்பான், தூக்கிக்கிட்டுக் கூட நடப்பான், கோட்டிக்காரப் பய.

அன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் ஓங்காரிச்சு வாந்தி எடுத்தா. தலை சுத்துது மதினி, அடுத்த வாரம் நடக்கட்டுமான்னு கேட்டா. வெறும் வயித்துல என்னட்டி வாந்தி? நடக்கணுமேன்னு நடிப்பு. நான் எத்தனை பாத்திருக்கேன். எனக்கு மட்டும் சொகமா? நானும் அன்னைக்கு விரதம்லா. ரெண்டு இட்லிக்கு மேல தொடல.

துணியைக் கட்டுனது நான்தான். இறுக்கித்தான் கட்டுனேன். வாய்க்காரி, வழியில எவளைப் பாத்தாலும் சிரிச்சுப் பேசிப்புடுவா, நேர்ச்சை கெட்டுப்போகும்லா. அவ நல்லதுக்குத்தான் கட்டுனேன். கட்டி முடிச்சதும் என்னைத் திரும்பிப் பாத்தா. என்னமோ சொல்ல வந்தா போல. வாயி கட்டியாச்சுல்லா, என்னத்தச் சொல்ல? கையை வயித்துல வச்சுக் காமிச்சா. ஆமாட்டி, வயித்துக்குத்தான் நடக்கே, நட நடன்னு அனுப்புனேன்.

அவளை அனுப்பிட்டு நான் சேவியர் ஆட்டோவுல போனேன். பின்ன, நான் நடக்கவா? எனக்கு மூட்டு வலி. அதுவும் பாருங்க, அந்த ரெக்சின் சீட்டு சுடுத சூடு, நான் பட்ட பாடு அம்மனுக்குத்தான் தெரியும். அவளைத் தாண்டிப் போகும்போது பாத்தேன். கல்குவாரிக்குப் பக்கத்துல தாரு ரோட்டை விட்டு எறங்கி முள்ளு மேல நடந்துக்கிட்டு இருந்தா. தாரு உருகி ஒட்டுதுல்லா, அதான். சேவியரு ஆட்டோவை நிப்பாட்டப் பாத்தான். தண்ணி குடுப்போமா அக்காங்கான். ஏய், வாய்க்கட்டு நடந்து போறவளுக்குத் தண்ணி குடுத்தா ஒன் வம்சம் வெளங்காது, வண்டியை ஓட்டுன்னு சத்தம் போட்டேன். அவன் சர்ச்சுக்குப் போற வேதக்காரன், அவனுக்கு நம்ம மொறை என்ன தெரியும்?

ஆனா ஊர் சனம் இருக்கே மதினி, தங்கம். எந்த ஊருலயும் மொறை தப்பல. குடம் குடமாக் காலுல ஊத்தியிருக்காக. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, நல்ல குளுந்த தண்ணி. ஒரு ஊருல அவ குனிஞ்சு குடத்தைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னுட்டாளாம். அம்மன் குடத்தை ஆசீர்வாதம் பண்ணுதான்னு அந்த வீட்டுக்காரி அழுதுட்டாளாம். பொறவு அவ கையைப் பக்குவமாப் பிரிச்சு எடுத்து, குடத்தைக் காலுல கவுத்திருக்காக. அந்தக் குடத்தை இப்பவும் பூசையில வச்சிருக்கா, நானே போயிப் பாத்தேன்.

நான் அடிவாரத்துல வேப்ப மரத்து நெழல்ல உக்காந்துட்டேன். சேவியர் சர்பத் வாங்கிட்டு வந்து குடுத்தான். ஊத்துல போயிப் பாத்தா, வத்திக் கெடக்கு. சொட்டுத் தண்ணி இல்ல. சித்திரையில ஊத்து வத்தும்னு எனக்கு என்ன தெரியும்? பூசாரி கார்த்திகைன்னு சொன்னானே தவிர, எதுக்குன்னு சொன்னானா? சொல்லியிருக்கணும்லா. தப்பு அவன் மேலதான். பூசாரி பொண்டாட்டி வந்தா. மண்ணைத் தோண்டுனா ஊறும்னு சொல்லி ஒரு தேங்காச் செரட்டையை வச்சுத் தோண்ட ஆரம்பிச்சா.

அப்பத்தான் தூரத்துல தெரிஞ்சா ஆவுடை. கானல் ஆடுதுல்லா, இடுப்புக்குக் கீழ அவளைக் காணல. மேல மட்டும் மெதந்து வருது. பின்னால கடைசி ஊருப் பொம்பளைக கொஞ்சம் பேரு. பக்கத்துல வர வர, இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம். தலை தொங்குது, நிமிருது. கண்ணு மேல சொருகியிருக்கு. எனக்கு மயிரு கூச்செறிஞ்சு போச்சு மதினி. அருள் வந்துட்டு! வாய்க்கட்டு நடந்தவளுக்கு அருள் வந்ததை எங்க தலைமொறையில யாரும் பாத்ததில்ல. பொம்பளைக குலவை போட்டாக பாருங்க, மலையே எதிரொலிச்சுது.

அவ ரெண்டு கையாலயும் வாய்த்துணியைப் பிடிச்சு இழுத்தா. விடலாமா? ஊத்துத் தண்ணி இல்லாம அவுத்தா அம்புட்டும் பாழு. நாங்க ரெண்டு மூணு பேரு சேந்து கையைப் பிடிச்சுக்கிட்டோம். அருள் வந்தவளுக்கு பலம் இருக்கும்பாக, இவ கையில பலமே இல்ல. சூடு மட்டும் அப்படி ஒரு சூடு. வேர்வை கூட இல்ல, காஞ்ச ஓடு மாதிரி கொதிக்கு. அம்மன் வந்த உடம்புல்லா. வேப்பிலையைக் கையில குடுத்துக் குறி கேட்டாக. ஒருத்தி தொலைஞ்சுபோன ஆட்டைக் கேட்டா. ஒருத்தி புருசன் குடியை நிறுத்துவானான்னு கேட்டா. அவ எல்லாத்துக்கும் தலையைத் தலையை ஆட்டுதா.

நானும் முன்னால போயி விழுந்து கேட்டேன். தாயே, எந்தம்பிக்கு எப்பம்மா வாரிசுன்னு. அப்ப பாத்தா என்னை. கையை நீட்டுனா. நேரா என்னைப் பாத்து நீட்டுனா மதினி! அம்புட்டுப் பேரு நிக்காக, அம்மன் என்னைத்தான் காமிக்கா. இவதான் என் பக்தி உள்ள பிள்ளைன்னு சொல்லுத மாதிரி. எனக்குக் கண்ணு ரொம்பிட்டு. சேவியரு மட்டும் பின்னால நின்னு, அக்கா அது சர்பத்தைக் கேக்குதுக்கா, அதுக்குத் தண்ணி தவிக்குதுக்கான்னு கத்துதான். என் கையில பாதி சர்பத்து பாட்டில் இருந்துச்சு, வாஸ்தவம். கேட்டாலும் குடுக்கலாமா? நான் வாய் வச்ச எச்சிப் பாட்டிலை சாமிக்குக் குடுப்பாகளா? அறிவு வேண்டாமா? ஆனா அம்மன் கையை நீட்டிக் கேட்டுட்டா. இல்லேன்னு சொல்லவும் முடியாது. அதனால மொறைப்படி காலுல ஊத்துனேன். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்துனேன். காலு பூரா கொப்புளம் ஒடைஞ்சு கெடந்துச்சு. அவ அந்தத் தண்ணி மண்ணுல போறதையே பாத்துக்கிட்டு நின்னா.

பொறவு விழுந்துட்டா. சாமி மலையேறிட்டுன்னு எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டோம். மலையேறுன ஒடம்பைச் சட்டுனு தொடக்கூடாதுல்லா, துண்ணூறைப் போட்டுட்டுக் காத்திருந்தோம். பூசாரி பொண்டாட்டியும் செரட்டையில கலங்கலா கொஞ்சம் தண்ணி கொண்டாந்துட்டா. ஒழுங்கா முடிச்சை நனைச்சு அவுத்திருந்தா எல்லாம் சரியாயிருக்கும். அதுக்குள்ள அந்தச் சேவியரு, எங்களையெல்லாம் தள்ளிட்டு வந்து விழுந்தான் பாருங்க. முடிச்சு அவுறல. பின்கழுத்துல வாயை வச்சுப் பல்லால கடிச்சு அவுக்கான். அன்னிய ஆம்பள! சாமி நின்ன ஒடம்பு! தூக்கி ஆட்டோவுல போட்டுக்கிட்டு, நான் ஏறுததுக்குள்ள வண்டியை எடுத்துட்டான். நான் அந்த வெயில்ல ரோடு வரைக்கும் நடக்க வேண்டியதாப் போச்சு. அதை அவன் பொண்டாட்டி ஒங்ககிட்டச் சொன்னாளா? சொல்ல மாட்டா.

ஆஸ்பத்திரியில கொண்டு போட்டானாம். போற வழியிலயே போயிட்டாளாம். நேர்ச்சை முடியாம முடிச்சை அவுத்தா போகாம என்ன செய்வா? இதைச் சொன்னா என்னைக் கொலைகாரிங்கான். போலீசுக்காரனே வந்து விசாரிச்சிட்டு, வெயிலுக்குச் செத்ததுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இவுகளுக்கு என்னவாம்?

ஆனா மதினி, இப்பச் சொல்லுதேன் கேளுங்க, இதைத்தான் நீங்க முக்கியமாக் கேக்கணும். அந்த ஆஸ்பத்திரி டாக்டர், சின்னப் பொண்ணு, என்னைக் கண்டபடி ஏசிட்டுப் பொறவு சொன்னா. வயித்துல பிள்ளை இருந்திருக்குன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாத்தியளா அம்மனோட சக்தியை? எத்தனை வருசமா இல்லாதது, நடந்த அன்னைக்கே குடுத்துட்டா! முடிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள குடுத்துட்டா! ரெண்டு மாசம்னா அந்த டாக்டரு. அவளுக்கு என்ன தெரியும்? சாமி குடுக்கும்போது ரெண்டு மாசத்தையும் சேத்துக் குடுத்திருக்கும். அந்தப் பிள்ளையை நினைச்சா எனக்குச் சோறு எறங்காது மதினி. என் தம்பி பிள்ளை. சேவியரு மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தா, இப்ப இந்த வீட்டுல ஓடித் திரியும்.

தம்பியா? மறுநாள் வந்தான். அழல. கொள்ளி வச்சிட்டு வந்து இந்தா, நீங்க உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான். தண்ணி குடிச்சாளா அக்கான்னு. நான் சொன்னேன், அய்யா, அவளுக்கு நடந்த மரியாதை எவளுக்கும் நடக்காது, ஊரு ஊருக்குக் குடம் குடமாக் காலுல ஊத்துனாகன்னு. எந்திரிச்சு வெளிய போயிட்டான். அவ்வளவுதான். அன்னையில இருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வருவான், நான் போட்ட சோத்தைத் திங்க மாட்டான், கெளம்பிருவான். கோடை வந்தா அந்த மண்பானையை வாசல்ல வச்சு, லோடு போறதுக்கு முந்தி அவனே தண்ணி எறைச்சு ஊத்துவான். என்னைத் தொட விடமாட்டான். அதான் அந்தப் பானைக் கதை. நீங்க பயப்படாதிய, அவனுக்குக் கூச்ச சுபாவம், வேற ஒண்ணுமில்ல. ஒங்க மக வந்து சிரிச்சுப் பேசுனா சரியாயிருவான். கொஞ்சமாச் சிரிச்சாப் போதும்.

இப்ப விசயத்துக்கு வருதேன். நேர்ச்சை பாதியில நிக்கு. சாமி கடன் வீட்டுல நின்னா நல்லதுக்கில்ல. அதனால கல்யாணம் முடிஞ்ச கையோட சந்தனமாரி நடந்து முடிச்சிரணும். இந்தத் தடவை நான் எல்லாம் யோசனை பண்ணி வச்சிருக்கேன். சேவியரு கெடையாது, நம்ம சாதிக்காரன் ஆட்டோதான். முடிச்சையும் பல்லுக்கு அகப்படாதபடி ரெண்டா போடணும். துணி அதே துணிதான், துவைச்சு மடிச்சு பீரோவுல வச்சிருக்கேன், எடுத்துட்டு வந்து காட்டவா? பிள்ளை குடுத்த துணில்லா, அதைத் தூரப் போடலாமா? கார்த்திகை எதுக்கு, வைகாசியில முகூர்த்தம் இருக்கு, வெயிலும் இருக்கும்.

என்ன மதினி, காப்பியைத் தொடவே இல்ல? ஆறிப்போச்சே. ஒங்க மகளுக்குக் காலு எப்படி? செருப்பில்லாம நடந்து பழக்கம் உண்டா? ஏம்மா சந்தனமாரி, காலைக் கொஞ்சம் நீட்டு, பாப்போம்.

எங்க அவ? நடையிலதான இருந்தா?

அந்தா, வாசல்ல நிக்கா. பானையில மோந்து குடிக்கா. குடிச்சது போதாதாட்டி? ரெண்டாவது தம்ளர் குடிக்கா பாருங்க. என்ன, செருப்பை மாட்டுதா? ஏட்டி, எங்க போற? பஸ்ஸு சாயந்திரம்தான்! மதினி, அவ பாட்டுக்கு ரோட்டுல எறங்கிப் போறா, நீங்களும் எந்திரிச்சிட்டிய? முடியாதுன்னா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும், இப்படியா எந்திரிச்சு ஓடுவாக? கூப்பிடுங்க அவளை. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கா. நல்லா வளத்திருக்கிய மதினி. உச்சி வெயிலு மண்டையைப் பொளக்கு, வயசுப் பிள்ளை, இந்த வெயில்ல ஒத்தையில நடந்தா என்னத்துக்கு ஆவா?